எம்பி4 ஏன் ஏறவில்லை? பொதுவகத்தில் ஒரு வீடியோ சேர்த்த அனுபவம்

பத்தமடையில் கோரைப்பாய் நெய்வதை மொபைலில் எடுத்திருந்தேன். தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைக்கு உதவுமே என்று விக்கிமீடியா பொதுவகத்தில் (யாரும் தடையின்றி எடுத்துப் பயன்படுத்தக்கூடிய படங்கள், வீடியோக்களின் களஞ்சியம்) ஏற்றப் போனால், எம்பி4 கோப்பை வாங்கவே மாட்டேன் என்றது. நெய்தவரிடம் அனுமதி வாங்கியாயிற்று, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் தரவும் தயார். அப்புறம் என்ன தடை?

வீடியோவின் உரிமம் வேறு, அதைச் சுருக்கிய முறையின் உரிமம் வேறு. என் மொபைல் எம்பி4 கோப்புக்குள் வீடியோவைச் சுருக்கிவைத்த முறை எச்.264. அதன் விவரக்குறிப்பைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் தளத்தில் யாரும் காசில்லாமல் இறக்கிப் படிக்கலாம். அதைச் செயல்படுத்தும் எக்ஸ்264 கூடத் திறமூல மென்பொருள்தான். ஆனாலும் அந்த முறையின்மேல் பல நிறுவனங்களின் காப்புரிமைகள் (பேட்டன்ட்) இருக்கின்றன. அதை வைத்துக் கருவியோ மென்பொருளோ செய்து விற்பவர் உரிமக் கட்டணம் கட்ட வேண்டிவரும். இணையத்தில் இலவசமாகக் காட்டும் வீடியோவுக்குக் கட்டணம் கிடையாது என்று உரிமம் வழங்கும் அமைப்பு 2010-இல் அறிவித்தது. பார்ப்பவருக்கு இலவசம், சரி. செய்பவருக்கு?

எம்பி4-ஐ அனுமதிக்கலாமா என்று 2014-இல் கேட்டபோது பொதுவகப் பங்களிப்பாளர்கள் மறுத்துவிட்டார்கள். வறட்டுப் பிடிவாதம் என்றுதான் முதலில் தோன்றியது. இதையெல்லாம் படித்தபின் நானும் அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

மாற்று, வெப்எம் என்ற வீடியோ வடிவம். 2010-இல் அதை வெளியிடும்போதே கூகுள் தன் காப்புரிமைகளைக் கட்டணமில்லாமல் பயன்படுத்த அனுமதி கொடுத்துவிட்டது; அதன்மேல் காப்புரிமை வழக்குப் போடுபவருக்கு மட்டும் அந்த அனுமதி செல்லாது.

கட்டளை அடித்து வீடியோவை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில், வெப்எம் கோப்புக்கு ஏற்றபடி படத்தை விபி9 முறையிலும் ஒலியை ஓபஸ் முறையிலும் சுருக்கினேன். தரத்தைத் தீர்மானிக்கும் சி.ஆர்.எஃப். எண்ணை (குறைந்தால் தரம் கூடும்) 31 என்று வைத்தால் கோரை இழைகள் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு, பிளாஸ்டிக் விரிப்பு மாதிரி இருந்தது. 24-க்கு இறக்கியதும் இழை இழையாகப் பிரிந்து தெரிந்தது. கோப்பு மட்டும் பெருத்துவிட்டது. பிட்ரேட் (நொடிக்கு இத்தனை பிட் என்ற அளவு) 0 என்றும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள், அப்போதுதான் தரத்தை சி.ஆர்.எஃப். எண் மட்டும் தீர்மானிக்கும். பழைய லேப்டாப் என்றால் ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போய்விடலாம். கட்டளை அடிக்கப் பிடிக்காதவர்களுக்கு வீடியோ2காமன்ஸ் என்ற கருவி இருக்கிறது, மாற்றுவதையும் ஏற்றுவதையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

அசல் எம்பி4-ஐ மட்டும் அழித்துவிடாதீர்கள். மாற்றும் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் குறையும். எம்பி3-யும் ஒரு காலத்தில் இப்படி வெளியே நின்றதுதான். 2017-இல் காப்புரிமைகள் காலாவதியான பிறகு பொதுவகம் அதைச் சேர்த்துக்கொண்டது. எச்.264-இன் காப்புரிமைகளும் ஒவ்வொன்றாகக் காலாவதியாகி வருகின்றன.