அப்பா போட்ட கையெழுத்து

போன மாதம் எங்கள் மருத்துவமனை சிஸ்டர் ஒருவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தார். பெண் நீட்டில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். புனேயில் இருக்கும் ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் இருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்திருக்கிறது. "நீங்க அங்கதானே சார் படிச்சீங்க. போகலாமா வேண்டாமான்னு நீங்களே சொல்லிடுங்க" என்றார் சிஸ்டர். வெளியே நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னேன். அன்று இரண்டு மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து எழுதிவைக்கத் தோன்றியது.

இதே கேள்வி எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு 17 வயது. அப்பா அரசு பஸ் கண்டக்டர். அந்த நாளில் தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்புக்கு நுழைவுத் தேர்வும் பிளஸ் டூ மதிப்பெண்ணும் சேர்த்து 300-க்கு கட் ஆஃப் போடுவார்கள். என்னுடையது கரையில் நின்றது. அரசுக் கல்லூரி கிடைத்தாலும் கிடைக்கும், அரை மதிப்பெண்ணில் போனாலும் போகும். தனியார் கல்லூரியைப் பற்றி வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை. புனே கல்லூரி அப்போது தனியாகத் தேர்வு நடத்தியது. சும்மா எழுதிப் பார்த்தேன், தேறிவிட்டேன். படிப்புக்கும் தங்குவதற்கும் கட்டணம் கிடையாது. படித்து முடித்தால் ராணுவத்தில் அதிகாரியாகச் சேர்ந்தாக வேண்டும்.

எங்கள் வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர் இருக்கிறது. வீட்டுக்கு வீடு படைக்கு ஆள் போனதால் ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அந்தப் பக்கத்து ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் அப்பாவின் பஸ்ஸில் வருவார். அப்பா அவரிடம் யோசனை கேட்டார். "டாக்டர்னா ஆபீசர் ஆச்சே. கண்ணை மூடிட்டு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் ராணுவ டாக்டரை அவர் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்துதான் பார்த்தவர். இந்தப் பக்கம் உட்கார்ந்தவனுக்கு என்ன நடக்கும் என்று சொல்ல எங்கள் ஊரில் யாரும் இல்லை.

நேர்காணலில் என்ன கேட்டார்கள் என்பது இப்போது அவ்வளவாக நினைவில்லை. எதற்கு ராணுவம் என்று கேட்டார்கள், நாட்டுக்குச் சேவை செய்ய என்றேன். 17 வயதில் அதைத் தவிர வேறு என்ன சொல்லத் தெரியும்? மருத்துவப் பரிசோதனைதான் பயமாக இருந்தது. என்னோடு நின்ற ஒரு பையனின் ஈரப் பாதத்தைத் தரையில் பதியவைத்துப் பார்த்துவிட்டு, தட்டைப் பாதம் என்று தனியாக நிற்கச் சொன்னார்கள். அவன் முகத்தை இன்றும் மறக்க முடியவில்லை.

அப்புறம் ஒப்பந்தப் பத்திரம். எனக்கு 18 ஆகாததால் அப்பாதான் கையெழுத்துப் போட வேண்டும். இரவு ட்யூட்டி முடித்து வந்தவர் காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல், பத்திரத்தைத் திண்ணை விளக்கடியில் விரித்துவைத்து வரிவரியாக விரலை ஓட்டினார். நான் தமிழில் சொல்லச் சொல்ல விரல் நகர்ந்தது. ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் நின்று இன்வாய்ஸ் எழுதுகிற மனிதர், கணக்கு ஒத்துவராமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டார். "எங்க அனுப்பினாலும் போகணும்னு இருக்காடா?" "ஆமாம்பா." "நடுவுல வேணாம்னு வந்துட்டா?" தொகையைச் சொன்னேன். விரல் அந்த இடத்திலேயே நின்றது. அவர் அதுவரை வாங்கிய சம்பளத்தையெல்லாம் சேர்த்தாலும் அந்தத் தொகைக்குக் கிட்டே வராது. (இன்றைக்கு அது 60 லட்சத்தைத் தாண்டிவிட்டது.) கொஞ்ச நேரம் கழித்து, "நீ வரமாட்டே" என்றார். என்னிடம் கேட்டாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

படிப்பைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. விடியும் முன் உடற்பயிற்சி, அணிவகுப்பு, பிறகு வகுப்பு, பிறகு கமாண்ட் ஆஸ்பத்திரி என்கிற ராணுவ மருத்துவமனையில் வார்டு. அங்கே வைத்தியம் கற்றுக்கொடுத்தவர்களுக்கு இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன். கல்லூரி 1948-ல் தொடங்கியது என்றாலும், எம்.பி.பி.எஸ். வகுப்புகள் 1962 ஆகஸ்டில்தான் ஆரம்பித்தன. இரண்டே மாதத்தில் சீனப் போர் வந்துவிட்டது. சேர்ந்த புதிதில் இந்த வரலாற்றை ஏதோ பொது அறிவு போலக் கேட்டுவைத்தேன். ராணுவம் எதற்காகப் பள்ளிப் பிள்ளைகளைப் பிடித்து, படிக்கவைத்து, பத்திரமும் எழுதி வாங்கிக்கொள்கிறது என்பது பணியில் சேர்ந்து லடாக் மலைக்குப் போன பிறகுதான் விளங்கியது. அந்த உயரத்துக்கு வெளியில் இருந்து எந்த டாக்டரும் தானாக வர மாட்டார்.

சமவெளியில் இருந்து லடாக் வந்து இறங்கும் வீரரை நேராக மேலே அனுப்பக் கூடாது. 12,000 அடி வரைக்கும் 6 நாள் பழக வேண்டும். முதல் இரண்டு நாள் முழு ஓய்வு, பிறகு மெல்ல நடை. அதற்கு மேலே 15,000 அடி வரை போக இன்னும் 4 நாள், அதையும் தாண்டினால் மறுபடி 4 நாள். அவசரப்பட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். இரவில் இருமல் தொடங்கும், உதடு நீலம் பாயும், இளஞ்சிவப்பு நுரை வரும். ஆக்சிஜன் வைத்து உடனே கீழே இறக்காவிட்டால் விடிவதற்குள் ஆள் போய்விடலாம். 1962-க்குப் பிறகு ஆயிரக்கணக்கான வீரர்களை அவசர அவசரமாக மேலே ஏற்றியபோதுதான் மலைநோயின் முழு உருவமும் தெரிந்தது. இந்திய ராணுவ மருத்துவர்கள் 1,925 வீரர்களிடம் பார்த்ததை 1969-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். மலைநோயைப் படிக்கிற எந்த நாட்டு மருத்துவரும் இன்றும் அதைத் தாண்டிப் போக முடியாது.

நான் சுமார் 800 பேருக்கு ஒரே டாக்டர். வயது 25. ஒருமுறை மேலே இருந்த ஒரு சாவடிக்கு மாற்று ஆட்கள் உடனே தேவைப்பட்டது. கீழே வந்திறங்கி நான்கே நாள் ஆன 12 பேரை அனுப்பலாமா என்று கமாண்டிங் ஆபீசர் கேட்டார். முடியாது சார் என்றேன். என்னைவிட 15 வயது பெரியவர், கோபமாகத்தான் போனார். காலையில் அந்த 12 பேரும் கூடாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் ஏறவில்லை. நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு அதற்குப் பிறகு எங்கேயும் கிடைத்ததில்லை. சிஸ்டரின் மகளிடம் இதை முதலில் சொன்னேன்.

அடுத்து சொன்னது அந்த ஹவில்தாரைப் பற்றி.

எங்கள் பகுதியில் இருந்த வேறொரு பிரிவைச் சேர்ந்தவர், தமிழர். காலையில் வழக்கமான நோயாளிகளோடு வராமல் இரவு ஒன்பது மணிக்கு மேல் எம்.ஐ. ரூம் (நான் நோயாளிகளைப் பார்க்கும் அறை) கதவைத் தட்டினார். உள்ளே புகாரி அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, மண்ணெண்ணெய் வாடை. ஒரு வாரமாகப் பிடரி வலி என்றார். ரத்த அழுத்தம் பார்த்தேன். 180-க்கு 110. பட்டையை அவிழ்த்து, அவரைக் கொஞ்ச நேரம் படுக்கவைத்து, மற்ற கையில் சுற்றிப் பார்த்தேன். அதேதான். "சார், மாத்திரை மட்டும் குடுங்க. எழுதாதீங்க" என்றார்.

ராணுவத்தில் ஒவ்வொருவருக்கும் மருத்துவத் தரம் உண்டு. குறை எதுவும் இல்லாதவர் ஷேப் ஒன். ரத்த அழுத்தம் என்று நான் எழுதினால் தரம் இறங்கும். முதலில் 24 வாரத்துக்குத் தற்காலிகமாக, பிறகு மறுபடி பரிசோதனை. இறங்கிய தரத்தோடு பதவி உயர்வு கிடைப்பது கஷ்டம். அந்த வருஷம் நாயப் சுபேதார் பட்டியலில் அவர் பேர் இருந்தது. "ரெண்டும் பொண்ணு சார் எனக்கு" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

வெளியே இருக்கிற டாக்டருக்கு இந்தச் சிக்கலே வராது. மாத்திரை எழுதுவார், உப்பைக் குறைக்கச் சொல்வார், நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார். அங்கே மருந்து எழுதுகிற அதே பேனாதான் அவர் பிழைப்பையும் எழுதியது. எழுதாமல் விட்டால் அவர் அந்த உயரத்திலேயே இருப்பார். ஒரு நாள் இரவு மூளையில் ரத்தம் கசிந்தால் இறக்கிக்கொண்டு போக வண்டி வருமா, பாதை திறந்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. "அண்ணே, எழுதித்தான் ஆகணும்" என்றேன். அதிகாரி ஒருவர் ஹவில்தாரை அப்படிக் கூப்பிடுவது வழக்கமில்லை, வாயில் அதுதான் வந்தது. எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். வரும்போது அடித்த அதே சல்யூட்டை அடித்தார். மறுநாள் காலை வண்டியில் இறக்கி அனுப்பினேன்.

செய்தது சரிதான். இன்றும் அதையேதான் செய்வேன். ஆனாலும் அந்த சல்யூட் பல வருஷம் மனதை விட்டு இறங்கவில்லை. பத்திரத்தில் எத்தனை வருஷம், எவ்வளவு பணம் என்றெல்லாம் இருந்தது. நோயாளிக்கும் படைக்கும் ஒரே நேரத்தில் டாக்டராக இருக்க வேண்டும் என்பது அதில் எந்த வரியிலும் இல்லை. விளக்கடியில் உட்கார்ந்து அப்பாவும் நானும் எவ்வளவு கவனமாகப் படித்திருந்தாலும் அது கண்ணில் பட்டிருக்காது.

மற்ற இழப்புகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். லே விமானம் மூன்று நாள் பறக்காததால் தங்கை கல்யாணத்துக்குப் போக முடியவில்லை, மறுவீட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். பள்ளியில் கூடப் படித்தவர்கள் எம்.டி. முடித்து கிளினிக் வைத்திருந்தபோது நான் மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் புத்தகத்தைத் திறந்தேன். வகுப்பில் எல்லோரும் என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர்கள். போர் வந்தால் என்ன செய்வது என்றுதான் ஊரில் எல்லோரும் கேட்பார்கள். எனக்கு அந்தப் பயம் பெரிதாக வந்ததில்லை.

அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சுமார் 145 இடங்களில் பெண்களுக்கு 30 என்பதையும், குறுகிய காலப் பணி என்றால் 7 ஆண்டு என்பதையும் அவளே தெரிந்துவைத்திருந்தாள். அது எனக்கு நம்பிக்கையாக இருந்தது. பணம் மிச்சமாகிறதே என்ற ஒரே காரணத்துக்காகப் போகாதே என்றேன். 7 ஆண்டு எங்கே இருக்கப்போகிறாய் என்பதை இன்னொருவர் முடிவு செய்வார், அதை ஒரு வாரம் மனதில் போட்டுப் பார் என்றேன். நானாக இருந்தால் மறுபடியும் போவேன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். 25 வயதில் அவ்வளவு பேர் உயிரை நம்பி ஒப்படைக்கிற வேலை வேறு எங்கே கிடைக்கும்?

"அந்த ஹவில்தாருக்கு ப்ரமோஷன் வந்துச்சா சார்?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவருடைய 24 வாரம் முடிவதற்குள் எனக்கு மாற்றல் வந்துவிட்டது. அதன் பிறகு விசாரிக்க இரண்டு முறை கடிதம் எழுத உட்கார்ந்தேன், எழுதவில்லை.

வியாழக்கிழமை புனேக்கு ரயில். இன்னும் முடிவெடுக்கவில்லை என்று நேற்று வார்டில் சிஸ்டர் சொன்னார். ஒப்பந்த விதிகளை அச்செடுத்து, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மகள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வருகிறாளாம். ஐந்தாம் பக்கம் வரை வந்திருக்கிறார்கள்.