மலையிலிருந்து இறங்கும் நெஞ்சு நீர்

நுரையீரலைச் சுற்றித் தேங்கும் நீரில் புற்றுநோய் இருந்தாலும், நுண்ணோக்கியில் செல்களைப் பார்க்கும் சாதாரண சைட்டாலஜி பத்துப் பேரில் ஏறக்குறைய ஆறு பேரிடம்தான் அதைக் கண்டுபிடிக்கும். மற்றவர்களுக்குக் கைகொடுப்பவை, செல்களைத் திரட்டி மெழுகில் பதித்து வெட்டிப் பார்க்கும் செல் பிளாக்கும் மரபணுச் சோதனையும். ஊட்டியில் எடுத்த நீர் இவற்றுக்காகக் கோவை வரை போக வேண்டியிருந்தால், அதை எப்படி அனுப்புகிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

குறைந்தது 50 மில்லி எடுங்கள், 75 கிடைத்தால் நல்லது. உறைவதைத் தடுக்க ஹெபாரின் மருந்து வேண்டாம், அது டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆரையே முடக்கிவிடும். அதே வேலையைச் செய்யும் ஈடிடிஏ உள்ள ஊதா மூடிக் குழாய் போதும். ஐஸ் பேக்கைக் குழாயோடு ஒட்டவைக்காதீர்கள், நடுவே துணியோ அட்டையோ இருக்கட்டும். 4 டிகிரி குளிர் போதும். டிசம்பர், ஜனவரி உறைபனி இரவில் மாதிரியை வாசல் திண்ணையில் விடவே கூடாது. உறைந்தால் செல்கள் வெடித்து, நல்ல செல்களின் டிஎன்ஏ நீரில் கொட்டிவிடும். கட்டியின் டிஎன்ஏ அதில் மூழ்கிப்போகும்.

ஆகவே செல்களைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் இருக்கும் இடத்தில் அனுப்பும் முன்பே, முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், சுழற்றிவிடுங்கள். அடியில் படிந்த செல்கள் செல்களைக் கெடாமல் காக்கும் 10 சதவீத பஃபர் ஃபார்மலினுக்குப் போகட்டும். மேலே தெளிந்து நிற்கும் நீரைத் தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள்! கட்டி உதிர்த்த டிஎன்ஏ அதில்தான் மிதக்கிறது. செல் நீக்கிய அந்தத் தெளிவை மட்டும் உறையவைக்கலாம். மழைக்காலத்தில் குன்னூர் பாதையில் மண் சரிந்து, வண்டி கோத்தகிரி சுற்றிப் போனாலும் மாதிரி தாங்கும்.

நுரையீரல் உறையின் சொந்தச் செல்லான மீசோதீலியச் செல் வீங்கிப் பெருத்தால் புற்றுநோய்ச் செல் மாதிரியே தெரியும். செல்லின் புரதங்களுக்குச் சாயமேற்றிப் பிரித்தறியலாம். கால்ரெட்டினின் சாயம் ஏறினால் மீசோதீலியம், கிளாடின்-4 ஏறினால் அடினோகார்சினோமா (சுரப்பிச் செல் புற்றுநோய்) பக்கம். டிடிஎஃப்-1 சாயமும் சேர்ந்தால் நுரையீரலைச் சந்தேகிக்கலாம், தைராய்டையும் மறக்கக் கூடாது. நீரில் லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்கள் நிறைந்து, ஏடிஏ என்ற நொதி லிட்டருக்கு 40 யூனிட்டைத் தாண்டினால் காசநோயைத் தேடுங்கள். ஆனால் அந்த வெள்ளணுக்களின் புற்றுநோயான லிம்ஃபோமாவிலும் ஏடிஏ உயரும்.

நுரையீரல் அடினோகார்சினோமா என்றால் ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவின் சோதனை அவசியம். அந்த மரபணுவில் எக்ஸான் 19 என்ற பகுதியில் நீக்கமோ, எல்858ஆர் என்ற மாற்றமோ இருந்தால் மாத்திரையிலேயே சிகிச்சை தொடங்கலாம். ஃபார்மலினில் நாள்கணக்கில் ஊறிய செல்லில் இல்லாத மாற்றம்கூட இருப்பதாகத் தெரியலாம், 72 மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள். 'நெகட்டிவ்' என்று வந்தால், கட்டிச் செல் எத்தனை சதவீதம் இருந்தது என்று ஆய்வகத்தைக் கேளுங்கள். மிகக் குறைவு என்றால் அந்த முடிவை ஏற்காமல், தெளிந்த நீரிலும் பார்க்கச் சொல்லுங்கள். தெளிந்த நீரும் இல்லையென்றால் இன்னொரு முறை நீர் எடுக்க வேண்டும்.