தாத்தா போட்ட முடிச்சு

ஜூலை 25, 2025, வெள்ளி

இன்று விடியற்காலை தாத்தா போய்விட்டார். 91 வயது. மலேசியாவில், பட்டர்வொர்த் பாகான் டாலாம் வீட்டில், அவருடைய கட்டிலிலேயே, பாட்டி பக்கத்தில் இருக்கும்போதே உயிர் பிரிந்தது.

நேற்று ஆடி அமாவாசை. தன் அப்பா அம்மாவுக்கு வருஷம் தவறாமல் கடற்கரையில் எள்ளும் தண்ணீரும் விடுகிறவர். இந்த முறை நடக்க முடியவில்லை. அப்பா அவரைக் காரில் கொண்டுபோய், சக்கர நாற்காலியில் உட்கார வைத்தே செய்ய வைத்தார். வீட்டுக்கு வந்து, பால் சேர்க்காத கோப்பி ஓவைத் தட்டில் ஊற்றி ஆற்றிக் குடித்தார். சாயங்காலம் படுத்தவர் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

கல்யாணச் சாவு, அழக்கூடாது என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். என்னால் அழாமல் இருக்க முடியவில்லை.

ஜூலை 26, சனி

உறுமி மேளம் தெரு முனையிலேயே கேட்டது. பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரன்களுமாகப் பதினான்கு பேர் நெய்ப்பந்தம் பிடித்தோம். பெரியப்பா கொள்ளி வைத்தார்.

தாத்தாவோடு பட்டர்வொர்த்துக்கும் பினாங்குத் தீவுக்கும் இடையே ஓடும் ஃபெர்ரியில் வேலை பார்த்த மலாய்க்காரர் ஒருவர் வந்திருந்தார். அவருக்கும் எண்பதைத் தாண்டியிருக்கும். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர், தாத்தாவின் தலைமாட்டில் வெகுநேரம் நின்றார். தாத்தாவுக்கு மலாய் சொல்லிக்கொடுத்தது இவர்தானாம். 1960களில் குடியுரிமைக்கு மனுப் போட்டவர்களிடம் மலாயில் கேள்வி கேட்பார்கள். ஓய்வு நேரத்தில் ஃபெர்ரியின் கீழ்த்தளத்தில், கார்கள் இறங்கிப் போன பிறகு, இரண்டு பேரும் உட்கார்ந்து பழைய மலாய்ப் பேப்பரை எழுத்துக்கூட்டிப் படிப்பார்களாம்.

அப்படித்தான் தாத்தா கைக்கு குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை வந்தது. குடியுரிமை இல்லாமல் சிவப்பு அட்டையோடு இருந்துவிட்ட அவருடைய கூட்டாளிகள் சிலர், 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் கிடைக்காமல் ஊருக்கே கப்பலேறிவிட்டார்கள். அவர்களை ஏற்றிப்போன ரஜுலா கப்பலில்தான் தாத்தா 1951இல், 17 வயதில், நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்து இறங்கினார். கூட்டாளிகளை வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போன அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை என்று பாட்டி சொல்லியிருக்கிறார்.

ஜூலை 27, ஞாயிறு

அஸ்தியைக் கடலில் கரைத்தோம். வாடகைப் படகு. வெயில் ஏறியிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஃபெர்ரி ஒன்று தீவுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. யாரும் பேசவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

தாத்தாவைப் பற்றி எழுதி வைக்கவேண்டும். ஒரு வருஷம் போனால் எனக்கே பாதி மறந்துவிடும்.

முதலில் மார்க்கெட் ஸ்திரீட் மளிகைக் கடை ஒன்றில் மூட்டை தூக்கினார். கடையிலேயே படுக்கை. 1957இல் ஃபெர்ரியில் வேலை கிடைத்தது. 1960இல் கல்யாணம். பாட்டி சுங்கை பட்டாணிப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ஆறு பிள்ளைகள்.

1985இல் பினாங்குப் பாலம் திறக்கும்வரை தீவுக்குக் கார் போகவேண்டுமானால் ஃபெர்ரியை விட்டால் வழியில்லை. தீபாவளி, சீனப் பெருநாள், தைப்பூசம் என்றால் வண்டி வரிசை எங்கேயோ நிற்கும். ஊரே லீவில் இருக்கும்போது அவருக்கு இரட்டை ஷிப்டு. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனது எப்போதும் பாட்டிதான். அந்தத் தைப்பூச ஓவர்டைம் பணத்தில்தான் ஆறு பேருக்கும் பள்ளிச் சட்டை, சப்பாத்து.

பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குப் போகத்தான் ஃபெர்ரியில் காசு வாங்குவார்கள். திரும்பி வரக் கட்டணம் கிடையாது. "போறதுக்குத்தான் காசு, வீட்டுக்கு வர்றதுக்கு இல்ல" என்று எங்களிடம் பெருமையாகச் சொல்வார், ஏதோ அவரே போட்ட சட்டம் போல.

ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. எழுபது வயதுவரை சைக்கிளில் பேப்பர் போட்டார்.

கயிறு அவர் கையை விட்டுப் போகவே இல்லை. ஃபெர்ரியில் கழித்துப் போட்ட கயிற்றுத் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவருவார். கேஸ் தோம்பு (சிலிண்டர்), கறிவேப்பிலைச் செடிக்கு ஊன்றிய கம்பு, என் பள்ளிப் பையின் அறுந்த வார், எல்லாவற்றிலும் அவர் முடிச்சு. வாசல் கேட்டுக்குத் தாழ்ப்பாள் எப்போது போனது என்று யாருக்கும் ஞாபகமில்லை. அதற்கும் கயிறுதான். எந்த ஷிப்டு முடிந்து வந்தாலும், உள்ளே வந்து கேட்டைக் கட்டி, ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். அவர் வரும்வரை பாட்டி கேட்டைச் சாத்தி மட்டும் வைத்திருப்பார்.

ஜூலை 31, வியாழன்

இந்தத் தேதியில் தாத்தா யாரோடும் அதிகம் பேசமாட்டார்.

1988 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை. புக்கிட் மெர்தாஜாமில் செயின்ட் ஆன் தேவாலயத் திருவிழா, தீவில் சீனர்களின் குவான் யின் விழா, இரண்டும் ஒன்றாக வந்ததில் கூட்டம் நெரிந்தது. சாயங்காலம் பட்டர்வொர்த் ஃபெர்ரி முனையத்தின் மேல்தளம் இடிந்து விழுந்தது. 32 பேர் இறந்தார்கள். 1,600 பேருக்கு மேல் காயம்.

தாத்தாவுக்கு அன்று பகல் ஷிப்டு. செய்தி தெருவுக்கு வந்தபோது அப்பாவும் பெரியப்பாவும் ஓடினார்கள். ஆனால் கிட்டே போக முடியவில்லை. பாட்டி வாசற்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அடுப்பு மூட்டவில்லை. கேட் விடிய விடியத் திறந்தே கிடந்தது.

தாத்தா மறுநாள் காலையில் நடந்து வந்தார். சட்டையெல்லாம் சிமெண்டுத் தூசி, உள்ளங்கை இரண்டும் கிழிந்திருந்தன. இரவெல்லாம் ஆட்களைத் தூக்கியிருக்கிறார். பாட்டியைப் பார்த்து "வந்துட்டேன்" என்று மட்டும் சொன்னாராம். ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, மறுபடி வேலைக்குப் போய்விட்டார். அங்கே பார்த்ததைக் கடைசிவரை அவர் வாயால் நாங்கள் கேட்டதில்லை.

ஆகஸ்டு 9, சனி

இன்று பதினாறாம் நாள், கருமக்கிரியை முடிந்தது. படையலில் இட்லி, வடை, அவருக்குப் பிடித்த நெத்திலிச் சம்பல், தட்டில் ஊற்றிய கோப்பி ஓ.

இரவு பத்து மணிக்குள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். இந்தப் பதினாறு நாளும் ஆள் போக்குவரத்து இருந்ததால் யாரும் கேட்டைக் கட்டவில்லை. அப்பா போய்க் கட்டிப் பார்த்தார். இழுத்ததும் உருவிக்கொண்டு வந்தது. நான் கட்டினேன், அதுவும் நிற்கவில்லை. நாளைக்கு ஒரு பூட்டு வாங்கிவிடலாம் என்றார் அப்பா.

பாட்டி மெதுவாகப் படியிறங்கி வந்தார். "தள்ளு" என்றார். கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, மடக்கி, உள்ளே விட்டு இழுத்தார். தாத்தா செய்கிற மாதிரியே ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். கேட் அசையவில்லை.

"எப்போ கத்துக்கிட்டீங்க, பாட்டி?"

"எண்பத்தெட்டுல. நான் வராத ராத்திரி கேட் திறந்து கிடக்கக் கூடாதுன்னு, உட்கார வச்சுச் சொல்லிக் கொடுத்தாரு."

"அப்புறம் ஒரு நாள்கூட நீங்க கட்டி நான் பார்த்ததில்லையே?"

"அவருதான் தினம் வந்துட்டாரே."