ருவுமாவின் மருந்துக்கடைகள்

தான்சானியாவில் பார்மசிஸ்டாக வேலை பார்த்தபோது, தெற்கே ருவுமா மாகாணத்துக்கும் போய்வருவேன். மாகாணத் தலைநகர் சோங்கேயா, நாட்டின் மிகப்பெரிய நகரமான தார் எஸ் சலாமிலிருந்து ஒரு முழு நாள் பஸ் பயணம். பட்டம் பெற்ற பார்மசிஸ்டுகளில் பெரும்பாலோர் தார் எஸ் சலாமிலேயே தங்கிவிடுகிறார்கள். ஜனங்களோ பெரும்பாலும் கிராமங்களில். காய்ச்சல் என்றால் பலர் முதலில் ஓடுவது பக்கத்து மருந்துக்கடைக்குத்தான்.

முன்பெல்லாம் அந்தக் கடைகளில் டாக்டர் சீட்டு தேவைப்படாத மருந்துகளை மட்டுமே விற்கலாம். ஆனாலும் ஆன்டிபயாடிக் மறைவாக விற்றுக்கொண்டுதான் இருந்தது. 2003-இல் அரசு ருவுமாவில் வேறு வழியை முயன்றது. விற்பவருக்குச் சில வாரப் பயிற்சி, கடைக்கு உரிமம், குறிப்பிட்ட சில ஆன்டிபயாடிக்குகளையும் மலேரியா மருந்தையும் விற்க அனுமதி, அப்புறம் அவ்வப்போது சோதனை. ‘டூக்கா லா டாவா முஹிமு’, அதாவது அத்தியாவசிய மருந்துக்கடை, என்று பெயர். பிறகு இது நாடு முழுக்கப் பரவியது.

அப்படி ஒரு கடையில், காய்ச்சல் குழந்தையோடு ஒரு தாய் வந்தார். கடைப்பெண் முதலில் குழந்தையின் எடையைக் கேட்டார். 2006 முதல் அங்கே மலேரியாவுக்கு முதலில் கொடுக்கும் மருந்து ஆர்டிமீதர்-லூமெஃபான்ட்ரின். பதினைந்து கிலோவுக்குக் கீழே என்றால் மூன்று நாளில் ஆறு மாத்திரை. முதல் மாத்திரையை அங்கேயே கரைத்துக் கொடுக்கச் செய்தார். அடுத்தது எட்டு மணி நேரம் கழித்து, பாலோடு என்றார். “காய்ச்சல் விட்டாலும் நிறுத்தக் கூடாது” என்று சொல்லி, தாயையும் அதைத் திருப்பிச் சொல்ல வைத்தார். இரண்டாம் நாள் உடம்பு தேறியதும் மிச்ச மாத்திரையை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்துவைப்பது அங்கே சகஜம். மருந்து ஊர்வரை வந்து சேர்ந்தும் வீணாவது இந்த இடத்தில்தான்.

பட்டமில்லாதவர் கையில் ஆன்டிபயாடிக்கா என்று சக பார்மசிஸ்டுகள் சிலர் கோபப்படுவார்கள். மருந்துக்குக் கிருமிகள் மசியாமல் போகும் என்ற அவர்கள் பயம் நியாயமானது. காசு போதாமல் பாதி கோர்ஸ் மட்டும் வாங்கிப் போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தக் கடையை மூடினால் அவர்கள் சந்தையில் கூறுகட்டி விற்பவரிடம் போவார்கள். அங்கே எடை கேட்க ஆள் இல்லை. கடையை மூடச் சொல்வதைவிட, மாதம் ஒருமுறையாவது பார்மசிஸ்டுகள் இங்கே வந்து உட்காரலாம் என்பேன்.

அவர்களுக்கு இங்கே வேலையும் இருக்கிறது. பயிற்சி பெற்ற பெண் கல்யாணமாகியோ நல்ல சம்பளம் கிடைத்தோ நகரத்துக்குப் போய்விட்டால், அடுத்தவருக்கு யார் சொல்லிக்கொடுப்பது? கடை முதலாளிகள் என்னிடம் அதிகம் கேட்டது இதைத்தான்.