ஸ்பைரல் வேண்டாம் என்றேன்

"சார், காதை மடிச்சுட்டேன், பாரும் மிதிக்கிறேன். இன்னும் ஏறுது. ரெண்டு காட்டுது."

பாராகிளைடரில் பறந்துகொண்டிருந்த என் மாணவரின் குரல் அது. இரண்டு என்றால் நொடிக்கு 2 மீட்டர், மேல்நோக்கி. காது எனப்படும் இறக்கையின் இரு ஓரங்களையும் மடித்து, வேகத்தைக் கூட்டக் காலால் மிதிக்கும் பாரையும் மிதித்தால் அமைதியான காற்றில் நொடிக்கு 3 மீட்டராவது இறங்க வேண்டும். அவர் தலைக்கு மேலிருந்த மேகம் அந்த அளவுக்கு உறிஞ்சிக்கொண்டிருந்தது. நான் இமாச்சலத்தின் பீர் ஊர் இறங்குதளத்தில் வாக்கி டாக்கியோடு நின்றிருந்தேன்.

"ஸ்பைரல் போடட்டுமா?"

"வேண்டாம். பாரை முழுசா மிதிங்க, பள்ளத்தாக்குப் பக்கம் நேராப் போங்க."

யோசிக்க ஒரு நொடிகூட எடுக்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

காரணங்கள் இருக்கின்றன. ஸ்பைரல், அதாவது இறுக்கமாகச் சுற்றியபடி இறங்குவது, நொடிக்கு 10 மீட்டருக்கு மேலேயே இறக்கும். ஆனால் சுற்றும் வேகத்தில் உடல் எடை மூன்று மடங்காகி அழுத்தும். பழகாதவருக்குக் கண் இருட்டும். மயங்கிவிட்டால் சில இறக்கைகள் தாமாக வெளியே வராமல் தரைவரை சுற்றும். தவறினாலும் தண்ணீரில் விழும்படி ஏரிக்கு மேல்தான் அதைப் பழகுவார்கள்; அவர் ஒருமுறைகூடப் பழகியதில்லை. தவிர, ஸ்பைரல் கீழே கொண்டுவருமே ஒழிய மேகத்தடியை விட்டு நகர்த்தாது. சரிதான். ஆனால் இதையெல்லாம் எண்ணியா சொன்னேன், பயந்து சொன்னேனா?

அடுத்த சில நிமிடங்கள் அவர் வெள்ளைக்குள் இருந்தார். 2007இல் ஆஸ்திரேலியாவின் மனில்லா அருகே பாராகிளைடிங் வீராங்கனை ஈவா விஸ்னியெர்ஸ்காவை மேகம் 9,900 மீட்டருக்கு மேல் இழுத்துப்போனதை வகுப்பில் சொல்பவன் நான். அன்று வாக்கி டாக்கியைப் பிடித்தபடி அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளத்தாக்குப் பக்கமே வெளியே வந்தார். இறங்கியதும் தொடைப் பட்டையின் கொக்கியைக் கழற்ற விரல் மடங்கவில்லை. நான்தான் கழற்றிவிட்டேன். கையுறை நனைந்து விறைத்திருந்தது.

"ஸ்பைரல் போட்டிருந்தா உள்ளேயே போயிருக்க மாட்டேன்ல சார்?"

"மயங்கியிருப்பீங்க" என்றேன். அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை.

உண்மையில் என் தவறு அந்தப் பதிலில் இல்லையோ என்றும் தோன்றுகிறது. பத்து நிமிடம் முன்பே மேகத்தின் அடி கறுத்ததைப் பார்த்தேன். இன்னொரு மாணவர் இறங்கிக்கொண்டிருந்தார், அவரை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று விட்டேன். அப்போதே கிளம்பச் சொல்லியிருந்தால் காதும் வேண்டாம், ஸ்பைரலும் வேண்டாம்.

போன மாதம் அதே மாதிரி ஒரு பிற்பகலில் வேறொருவர் கேட்டார். போடுங்க, மெதுவா வெளியே வாங்க என்றேன். அவர் ஏரிமேல் பழகியவர், அதனால்தான். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.