ஆம்ப்ளிஃபயர் வகுப்புகள்: அந்த எழுத்து எதை அளக்கிறது?

கிளாஸ் ஏ என்றால் முதல் தரம், கிளாஸ் டி என்றால் நான்காம் தரம் என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த எழுத்துக்கும் தரத்துக்கும் தொடர்பே இல்லை. ஒலி அலையின் ஒரு முழுச் சுற்றில் வெளியீட்டு டிரான்சிஸ்டர் எவ்வளவு பகுதிக்கு மின்னோட்டத்தைக் கடத்துகிறது என்பதே தொடக்ககால வகுப்புகளின் வரையறை. 360 பாகையும் கடத்தினால் ஏ, 180 பாகை மட்டும் கடத்தினால் பி, இடைப்பட்டால் ஏபி, 180-க்கும் குறைந்தால் சி. சி வகை ரேடியோ ஒலிபரப்பிகளுக்கு உரியது. பாட்டுக் கேட்க உதவாது.

கிளாஸ் ஏ, பாட்டு ஓடாதபோதும் மின்சாரத்தை இழுத்து வெப்பமாக்கிக்கொண்டே இருக்கும். அதன் செயல்திறன் கோட்பாட்டளவிலேயே 50 சதவீதத்தைத் தாண்டாது. கிளாஸ் பி முழு வெளியீட்டில் 78.5 சதவீதம் வரை எட்டும். அதில் இரண்டு டிரான்சிஸ்டர்கள் அலையின் ஆளுக்கொரு பாதியைக் கடத்துகின்றன. ஆனால் ஒரு டிரான்சிஸ்டர் ஓய்ந்து மற்றொன்று பொறுப்பேற்கும் பூஜ்யப் புள்ளியில் அலை சற்றே முறிகிறது. குறைந்த ஒலியளவில்தான் அது காதை அதிகம் உறுத்தும். அதைத் தவிர்க்க இரண்டிலும் பயாஸ் எனப்படும் ஓய்வுநிலை மின்னோட்டத்தை ஓரளவு எப்போதும் ஓடவிடுவதே ஏபி.

இந்த வரையறை கருவிக்கு மட்டும் உரியதன்று, ஸ்பீக்கரையும் சார்ந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1 ஆம்பியர் பயாஸ் உள்ள புஷ்-புல் (இரண்டு டிரான்சிஸ்டர்கள் ஜோடியாக இயங்கும்) ஆம்ப்ளிஃபயர், உச்ச மின்னோட்டம் 2 ஆம்பியரை எட்டும்வரை கிளாஸ் ஏ-வாகவே இயங்கும். 8 ஓம் ஸ்பீக்கரில் அது 16 வாட். அதே கருவியை 4 ஓம் ஸ்பீக்கருடன் இணைத்தால் 8 வாட்தான். அதற்கு மேல் அது ஏபி ஆகிவிடுகிறது. ஆகவே எத்தனை ஓமுக்கு என்று சொல்லாமல் "கிளாஸ் ஏ" என்று மட்டும் விளம்பரம் செய்வதை நான் முழுமையான தகவலாக ஏற்பதில்லை. ஏபி என்பது ஏ-க்கும் பி-க்கும் நடுவிலான நல்ல சமரசம் என்ற பொதுக்கருத்தையும் ஆம்ப்ளிஃபயர் வடிவமைப்பு நூல்களை எழுதிய டக்ளஸ் செல்ஃப் மறுத்திருக்கிறார்: முறிவைக் குறைக்கும் அளவுக்கு மட்டும் சிறு பயாஸ் கொடுத்த பி-யைவிட (அதையும் அவர் பி என்றே கொள்கிறார்), ஏ பகுதியைத் தாண்டிய ஏபி-யில்தான் சிதைவு கூடுதல் என்பது அவர் வாதம்.

டி, ஜி, எச் ஆகியவற்றில் அளவுகோலே மாறிவிடுகிறது. ஜி-யும் எச்-சும் ஒலிக்கேற்ப மின்வழங்கியின் வோல்டேஜை மாற்றும் உத்திகள். டி-யில் டிரான்சிஸ்டர் வெறும் சுவிட்சாகி வினாடிக்குப் பல லட்சம் முறை திறந்து மூடுகிறது. துடிப்புகளின் அகலமே ஒலியைச் சுமப்பதால், டி என்பதை டிஜிட்டல் என்று விரித்துச் சொல்வது தவறு. நடைமுறையில் 90 சதவீதச் செயல்திறன் அங்கே இயல்பானது. ஆகவே கிளாஸ் டி கருவியில் நான் முதலில் பார்ப்பது செயல்திறனை அல்ல; பின்னூட்டம் (பிழை திருத்த வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்குத் திருப்பி அனுப்புவது), துடிப்புகளை ஒலி அலையாக மாற்றும் வெளியீட்டு வடிகட்டிக்கு முன்பிருந்து எடுக்கப்படுகிறதா, பின்பிருந்தா என்பதைத்தான். முன்பிருந்து எடுத்தால், ஸ்பீக்கரை மாற்றும்போது உயர் அதிர்வெண் ஒலியின் அளவும் மாறும்.