யாருமற்ற இடத்தில் ஏழு கூடாரங்கள்

கலிபோர்னியாவில் கோடை விடுமுறைக்குக் கூடாரம் போட இடம் பிடிப்பது, தீபாவளிக்கு முந்தைய நாள் நெல்லை விரைவு வண்டியில் படுக்கை பிடிப்பதைவிடக் கடினம் என்பதை, பதினோரு ஆண்டுகளாக ஃப்ரீமாண்டில் குடியிருந்தும் நான் சென்ற ஆண்டுதான் முழுமையாக உணர்ந்தேன். தேசியக் காடுகளில் பேர்பெற்ற முகாம்கள் பலவற்றுக்கு ஆறு மாதங்களுக்கு முன்பே, காலை 7 மணிக்கு முன்பதிவு திறந்துவிடும். ஜூலையில் போக வேண்டுமென்றால் ஜனவரிக் குளிரில் எழுந்து உட்கார வேண்டும். தட்கலில் பழகிய விரல்கள் என்னுடையவை என்ற இறுமாப்போடு மூன்று சனிக்கிழமைகள் உட்கார்ந்தேன். மூன்று முறையும், நான் தேதியைத் தேர்ந்தெடுத்து நிமிர்வதற்குள் கட்டங்கள் எல்லாம் சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தன.

இப்படி மனம் சோர்ந்திருந்த வேளையில்தான், ஒதுக்குப்புறமான முகாமிடங்களைக் கண்டறிந்து தரும் சந்தாச் சேவை ஒன்றின் விளம்பரம் என் கைப்பேசியில் வந்து நின்றது. அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். சந்தாவிலிருந்து விலகிய பிறகு பகை எதற்கு? ஆண்டுக்கு 60 டாலர் கட்டினால், முன்பதிவோ வாடகையோ இல்லாமல், ‘வேறு எவரும் அறியாத’ இடங்களின் அட்சரேகை தீர்க்கரேகைகளைத் தருவார்களாம். ஒவ்வோர் இடத்துக்கும் ‘தனிமை மதிப்பெண்’ என்று ஒன்று உண்டு. கிழக்கு சியரா மலைப்பகுதியில், 395ஆம் நெடுஞ்சாலையிலிருந்து சிறிது தொலைவில், ஜெஃப்ரி பைன் மரங்களுக்கு நடுவே இருந்த ஓர் இடம் பத்துக்கு 9.6 வாங்கியிருந்தது. என் மகன் கணக்குத் தேர்வில் அவ்வளவு வாங்கியதில்லை.

பணம் கட்டுமுன் வாடிக்கையாளர்களின் கருத்துகளை ஒன்றுவிடாமல் படித்தேன். இன்று நினைத்தால், படித்தேனே தவிரப் புரிந்துகொள்ளவில்லை. ஒருவர் ஐந்து நட்சத்திரங்கள் கொடுத்து, “மூன்று வாரம் தங்கினேன், ஓர் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை” என்று எழுதியிருந்தார். பெரும்பாலான தேசியக் காடுகளில் ஓரிடத்தில் 14 நாட்களுக்கு மேல் தங்கக் கூடாது என்பது விதி என்பதால், அது பாராட்டு என்பதைவிட வாக்குமூலம் என்பதே பொருத்தம். இன்னொருவர் இரண்டு நட்சத்திரங்களோடு நிறுத்திக்கொண்டு, இரவில் இருட்டு அதிகமாக இருப்பதாகக் குறைபட்டிருந்தார். மூன்றாமவர் கழிவறை எந்தப் பக்கம் என்று யாரும் குறிப்பிடவில்லையே எனக் கேட்டிருந்தார். அங்கே கழிவறை என்பது நீர்நிலையிலிருந்து 200 அடி தள்ளிப்போய், கைக்கரண்டியால் ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்துக்கு நாமே தோண்டிக்கொள்ளும் குழிதான் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல எவருக்கும் மனம் வரவில்லை போலும். எல்லாவற்றுக்கும் மேலாக, “தயவுசெய்து இந்த இடத்தைப் பற்றி யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்” என்று ஓர் அம்மையார் உருகியிருந்தார். அந்தக் கருத்து பயனுள்ளதாக இருந்தது என்று 212 பேர் குறித்திருந்தார்கள். அந்த எண்ணைப் பார்த்தும் எனக்குப் பொறி தட்டவில்லை.

ஊரிலிருந்து அப்பா வந்திருந்த சமயம் அது. கோவில்பட்டிப் பக்கம் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வுபெற்றவர். நிலம் என்றால் அதன் புல எண்ணைக் கேட்காமல் அவரால் உட்கார முடியாது. அவர், நான், மனைவி, மகன் என நால்வரும் எங்கள் மினிவேனில் யோசெமிட்டி தேசியப் பூங்காவைக் கடந்து, டியோகா கணவாய் ஏறி இறங்கி, லீ வைனிங் என்ற சிற்றூரைச் சேர்ந்தபோது உச்சிப்பொழுது. கலிபோர்னியாவில் வசதிகள் செய்யப்பட்ட முகாம்களுக்கு வெளியே அடுப்புப் பற்றவைப்பதற்கே அனுமதிச் சீட்டு வேண்டும், இலவசம்தான். அதை வாங்க வனத்துறை நிலையத்துக்குச் சென்றேன். எங்கே தங்கப் போகிறீர்கள் என்று அங்கிருந்த பெண் அலுவலர் கேட்டதும், இரகசியத்தைக் காக்கும் கடமை எனக்கும் உண்டு என்ற எண்ணத்தில், தெற்கே ஓரிடம் என்று மழுப்பினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “பட்டுப்போன பெரிய மரத்துக்கு இடப்புறம் திரும்பும் அந்த இடம்தானே? இன்று நீங்கள் நான்காவது ஆள்” என்றார். கூடவே கறுப்பு வெள்ளையில் அச்சிட்ட வரைபடம் ஒன்றையும் இலவசமாகக் கொடுத்தார். நான் அதை மடித்துச் சட்டைப்பையில் போட, அப்பா அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சாலை சுமார் 8,000 அடி உயரத்தில் ஒரு மேட்டைக் கடந்தது. பலகையில் டெட்மேன் சம்மிட் என்றிருந்ததைப் பேரன் மொழிபெயர்த்துச் சொல்ல, “செத்தவன் மேடா? நல்ல சகுனம்தான்” என்றார் அப்பா. அடுத்த இருபதாவது நிமிடத்தில், மண்பாதையில் வேனின் முன்சக்கரங்கள் இரண்டும் புதைந்து நின்றன. அந்த வட்டாரம் முழுவதும் எரிமலைகள் உமிழ்ந்த நுரைக்கல் பரவிக் கிடக்கிறது. பார்வைக்குக் கெட்டியான தரைபோல் தோன்றும், சக்கரம் ஏறினால் ரவையாக உதிரும். டயரில் காற்றைக் குறைத்து, காலடியில் விரிக்கும் மிதியடிகளைச் சக்கரத்துக்கு முன்னால் போட்டு, மனைவியும் மகனும் பின்னாலிருந்து தள்ளி, ஒருவழியாக வெளியே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. நிறுவனத்தின் செயலியைத் திறந்தால், சமிக்ஞை இல்லாத இடத்தில் வரைபடம் பார்க்க அடுத்த நிலைச் சந்தா கட்ட வேண்டும் என்றது. ஆள் அரவமற்ற இடங்களைக் காட்டுவதே தொழிலாகக் கொண்ட ஒரு செயலி, கைப்பேசிக் கோபுரம் உள்ள ஊரில் மட்டும் வேலை செய்வேன் என்பதை என்னவென்று சொல்வது? நல்லவேளை, மனைவி எண்களைக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தாள்.

பட்டுப்போன மரத்துக்கு இடப்புறம் திரும்பினோம். ஆறு கூடாரங்கள் நின்றன.

ஆறு கூடாரத்துக்காரர்களும் மடக்கு நாற்காலிகளில் அமர்ந்தபடி எங்களைப் பார்த்த பார்வையை நான் நன்கு அறிவேன்; முன்பதிவுப் பெட்டியில் ஏறும் பொதுச்சீட்டுப் பயணியை நம் ஊரில் அப்படித்தான் பார்ப்பார்கள். சேக்ரமெண்டோவிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து வந்து, மிகுந்த மரியாதையோடு, “நீங்களும் உறுப்பினரா?” என்று கேட்டார். அங்கிருந்த அத்தனை பேரும் உறுப்பினர்கள். அத்தனை பேர் கையிலும் அதே 9.6. நிறுவனம் தந்த எண்களில் தசமப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கங்கள் இருந்தன. அதன் துல்லியம் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர். ஆக, ஏழு குடும்பங்களை 11 சென்டிமீட்டர் தனிமைக்குள் அடக்கிவிட்டார்கள். திரும்பிப் போக இருட்டு விடவில்லை. ஏழாவது கூடாரத்தை அடித்தோம்.

அந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 92 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும் என்பதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாது என்று முன்யோசனையோடு குக்கரைக் கொண்டுவந்திருந்தாள் மனைவி. மற்றவர்கள் பொட்டலத்தில் வெந்நீர் ஊற்றி ஓசையின்றி உண்டு முடித்து, குளிருக்குப் போர்த்திக்கொண்டு விண்மீன்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கொருவர் இல்லாததுபோல் நடித்து, இழந்த தனிமையை ஓரளவு மீட்டிருந்த வேளை அது. முதல் விசில் வந்தது. பைன் மரத்திலிருந்து ஏதோ பறவை சிறகடித்து ஓடியது. இரண்டாவது விசிலில் இரண்டு கூடாரங்களில் விளக்கு எரிந்தது. மூன்றாவது விசில் அடங்கியதும் மனைவி அடுப்பை அணைத்தாள். எங்கள் வீட்டுத் துவரம்பருப்புக்கு மூன்று விசில்தான் கணக்கு.

அமெரிக்கக் காடுகளில் மூன்று முறை விசில் அடித்தால் ‘ஆபத்து, காப்பாற்றுங்கள்’ என்று பொருள் என்பது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்; ஆனால் குக்கருக்கும் அது பொருந்தும் என்று தோன்றவில்லை. நெற்றியில் விளக்கு கட்டிய ஐந்தாறு பேர் நாலாபுறமிருந்தும் எங்களை நோக்கி ஓடி வந்தார்கள். ஆசிரியர் கையில் முதலுதவிப் பெட்டி. அவர் மனைவி கையில், கரடியாக இருந்தால் தட்டி விரட்டுவதற்கு, ஒரு வாணலியும் கரண்டியும். யாருக்கு அடி, எங்கே வலி என்று கேட்டவர் முன்னால், அப்பா ஒரு தட்டில் சுடச்சுடச் சோற்றைப் போட்டு, பருப்பையும் நெய்யையும் ஊற்றி நீட்டினார். காப்பாற்ற வந்தவர்கள் சாப்பிடாமல் போகக் கூடாதல்லவா? இரண்டாம் நடைக்கு மறுபடி குக்கர் வைக்க வேண்டியதாயிற்று. இம்முறை விசில் வரும்போது எவரும் பதறவில்லை, எண்ணினார்கள்.

மறுநாள் விடியலில் அப்பாவைக் காணவில்லை. தேடிப் போனால், அரை மைல் தள்ளி ஒரு மரத்தின் பட்டையில் மூக்கை வைத்து நின்றுகொண்டிருந்தார். ஜெஃப்ரி பைனின் பட்டைக்கு வெனிலா மணம் உண்டு. “ஐஸ்கிரீம் வாசம் அடிக்குதுப்பா” என்றார். கையில் அந்த இலவச வரைபடம். எண்ணிட்ட கோடுகள் மட்டுமே உள்ள அந்தத் தாளைப் புல வரைபடம் படிப்பதுபோல் படித்து, கோட்டைப் பிடித்தே நடந்து, ஒரு மேட்டின் மறுபுறம் யாருமே இல்லாத சமதளத்தைக் கண்டுபிடித்திருந்தார். தரையும் கெட்டி.

“இதெல்லாம் யார் நிலம்ப்பா?”

அரசாங்கத்துக் காடு, எவரும் வந்து தங்கலாம், இப்படிப்பட்ட தேசியக் காடுகள் மட்டுமே 19 கோடி ஏக்கருக்கு மேல், நம் தமிழ்நாட்டைப்போல ஆறு மடங்கு என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

“அப்போ புறம்போக்கு. புறம்போக்கைக் காட்டுறதுக்கா ஒருத்தன் உன்கிட்ட அறுபது டாலர் வாங்கினான்? எங்க ஊர்ல இதுக்குப் பேரு வேற.”

வீடு திரும்பியதும் நிறுவனத்துக்கு நீண்ட மின்னஞ்சல் ஒன்று அனுப்பினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது: என் அனுபவத்தைக் கவனத்தில் கொண்டு, அந்த இடத்தின் தனிமை மதிப்பெண்ணை 9.6இலிருந்து 9.4ஆகக் குறைத்திருக்கிறார்களாம். இணையத்தில் சேர்ந்த சந்தாவை இணையத்திலேயே விலக்கிக்கொள்ள வழி தர வேண்டும் என்று கலிபோர்னியாவில் 2018 முதல் சட்டம் இருப்பதால் விலகும் பொத்தானைத் தேடினேன். ஐந்து பக்கங்களுக்கு அப்பால், எழுத்து தெரியாத வெளிர்நிறத்தில் இருந்தது. அதை அழுத்தியதும் கடைசியாக ஒரு வேண்டுகோள்: உங்களுக்குத் தெரிந்த ஓர் இரகசிய இடத்தைச் சொன்னால் இரண்டு மாதச் சந்தா இலவசம். அப்பா கண்ட அந்தச் சமதளம் மனக்கண்ணில் வந்தது. மனைவி என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். “சொல்லித்தான் பாருங்களேன்” என்றாள். சொல்லவில்லை. அந்த இடத்தை எங்கள் நால்வரைத் தவிர வேறு எவரும் அறியக் கூடாது என்று அன்றே முடிவு செய்தோம்.

அடுத்த வாரம் சான் ஹோசேயிலிருந்து சித்தப்பா மகன் அழைத்தான். “அண்ணா, ஐஸ்கிரீம் மரம் இருக்கிற எடத்துக்கு நாங்க நாலு குடும்பமா கெளம்புறோம். பெரியப்பா வரைபடத்தைப் போட்டோ எடுத்து, பேனாவால் வட்டமெல்லாம் போட்டு, நம்ம குடும்பக் குழுவுல அனுப்பியிருந்தாரே, பார்க்கலையா? ஒரே ஒரு சந்தேகம். அங்க குக்கர் வெச்சா எத்தனை விசில் விடணும்?”